சூடேறாத பழைய எஸ்பிரெஸ்ஸோ இயந்திரமும் ஒரு துண்டுச் செப்புக் கம்பியும்

கோயம்புத்தூரில் வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். சென்ற வாரம் வந்த ஒரு பழைய எஸ்பிரெஸ்ஸோ இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றியபோது, பாய்லரின்மேல் தெர்மல் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிவிடப்பட்ட ஒரு துண்டுச் செப்புக் கம்பி இருந்தது. இந்த ஆண்டில் நான் காணும் நான்காவது கம்பி இது. வாங்கியபோதே இயந்திரம் சூடேறவில்லை என்றும், காணொளி ஒன்றைப் பார்த்து ‘கெட்டுப்போன’ ஃபியூஸை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்ததும் நன்றாகச் சூடேறியது என்றும், பத்து நாள் கழித்து உள்ளே நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டது என்றும் கொண்டுவந்தவர் சொன்னார். அந்த நேரத்தில் அடுக்களையில் யாரும் இல்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருப்பதையும் அவரே சொன்னார். அதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, வயரிலிருந்து ஓர் இழையை உருவிச் சுற்றி, மறுபடி செருகிப் பழகியவர்கள் நாம். பல்பு எரியாவிட்டாலும் ‘ஃபியூஸ் போய்விட்டது’ என்றே சொல்கிறோம். ஆகவே ஃபியூஸ் என்றால் அவ்வப்போது போகும், கம்பி கட்டினால் சரியாகும் என்று மனத்தில் படிந்துவிட்டது. தெர்மல் ஃபியூஸுக்கும் அந்தக் கேரியருக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு. கேரியரில் உள்ள இழை மின்னோட்டம் மிகும்போது அறுகிறது. தெர்மல் ஃபியூஸோ, தான் ஒட்டியிருக்கும் உலோகம் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டும்போது அறுகிறது; அறுந்தபின் மீண்டும் சேர்வதில்லை. சிறிய பாய்லர் கொண்ட பல வீட்டு இயந்திரங்களில், காபி இறக்குவதற்கான தெர்மோஸ்டாட் 107 டிகிரி செல்சியஸ் அளவிலும், நீராவிக்கான தெர்மோஸ்டாட் 145 டிகிரி அளவிலும் மின்சாரத்தை நிறுத்தும். ஃபியூஸ் அறுவது 180 டிகிரிக்கு மேல். அதாவது, அறுந்த ஃபியூஸ் ஒன்றை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், அந்தப் பாய்லர் எட்டவே கூடாத வெப்பத்தை ஒருமுறை எட்டியிருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். பழமையால் தானே அறும் ஃபியூஸும் உண்டுதான். ஆனால் மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்று சோதித்து அறிந்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம்.

அடைபட்ட பாய்லரில் நீர் 145 டிகிரியில் இருக்கும்போது ஆவியின் அழுத்தம் ஏறத்தாழ 4 பார்; 180 டிகிரியில் 10 பார்; 200 டிகிரியில் 15 பாருக்கும் மேல். நம் குக்கர் விசிலடிக்கும்போது உள்ளே இருப்பது சுமார் 2 பார்தான். குக்கரின் பாதுகாப்பு வால்வை அடைத்துவிட்டு அடுப்பில் ஏற்ற எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். ஃபியூஸுக்குக் கம்பி கட்டுவது அதே காரியம்.

ஃபியூஸ் அறுந்திருந்தால், ஏன் அறுந்தது என்று தேடுங்கள். பழைய இயந்திரங்களில் நான் அதிகம் காண்பது, வெறும் பாய்லரைச் சூடாக்கியதுதான். விற்றவர் எடுத்துச் செல்ல வசதியாக நீரை வடித்திருப்பார். வாங்கியவர் தொட்டியை நிரப்பியதும் சுவிட்சைப் போட்டுவிடுவார். தொட்டியில் நீர் இருந்தாலும் பாய்லருக்குள் இருக்காது. காபி இறங்கும் வாய் வழியாக நீர் சீராக வரும்வரை பம்ப்பை ஓட்டிய பிறகே சூடேற விட வேண்டும். அடுத்த காரணம், தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. அதை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால், புதிய ஃபியூஸும் அறும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தெர்மல் ஃபியூஸை ஈயப் பற்று வைத்து இணைக்கக் கூடாது, அந்தச் சூட்டிலேயே அது அறுந்துவிடும், கிரிம்ப் செய்துதான், அதாவது சிறு உலோகக் குழலில் நுழைத்து நசுக்கித்தான், இணைக்க வேண்டும்.

சூடேறவில்லை என்று வருபவற்றில் சில இயந்திரங்கள் நன்றாகவே சூடேறுகின்றன. விளக்கு எரிந்ததும் காபி இறக்கினால் பாய்லர் மட்டுமே சூடாக இருக்கும். போர்ட்டாஃபில்டரும் (காபித்தூள் போடும் கைப்பிடிக் கிண்ணம்) குவளையும் குளிர்ந்திருக்கும். 30 மில்லிலிட்டர் காபி குளிர்ந்த பீங்கானில் விழுந்தால் சூடு எப்படி நிற்கும்? போர்ட்டாஃபில்டரைப் பொருத்தியபடியே இருபது நிமிடம் விட்டு, பிறகு தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தூளில் இறங்கும் நீர் 90 முதல் 96 டிகிரி இருந்தால் போதும். ஆற்றிக் குடிக்கும் ஃபில்டர் காபியின் கொதிநிலையை இதில் தேட வேண்டாம்.

உண்மையாகவே வெதுவெதுப்பாக வந்தால், நம் ஊரில் முதல் சந்தேகம் உப்புப் படிவின் மீதுதான். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளின் இயந்திரங்களில் அதிகம் படிவதில்லை. போர் தண்ணீரில் ஓடியவற்றின் பாய்லரைத் திறந்தால் வெள்ளைப் பாறைபோல் இருக்கிறது. அந்தப் படிவு அலுமினியத்தோடு ஒப்பிட ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். வெளி உலோகம் கொதித்துவிட, தெர்மோஸ்டாட் அதைப் பார்த்து நிறுத்திவிட, உள்ளே நீர் ஆறிக் கிடக்கும். அலுமினியப் பாய்லருக்கு வினிகர் ஊற்றி வைக்காதீர்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட மருந்தையே, குறிப்பிட்ட நேரம் மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்து, இயந்திரத்தின் அடியில் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து, இங்கே கைமாறிய இயந்திரங்கள் பல 120 வோல்ட்டுக்கானவை. அவற்றை 230 வோல்ட்டில் செருகினால் ஹீட்டர் மூன்றரை மடங்குக்கும் அதிகமான வாட் இழுக்கும். வோல்டேஜைக் குறைக்கும் சிறிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால் வோல்டேஜ் சரிந்து, சூடு போதாமல் போகும். 1300 வாட் இயந்திரத்துக்கு 2000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும்.

ஹீட்டரைச் சோதிக்க விரும்புபவர்கள் பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் முழுதும் ஆறிய பிறகு, ஹீட்டரின் இரு முனைகளிலும் வயரைக் கழற்றிவிட்டு ஓம் அளந்து பாருங்கள். 230 வோல்ட், 1300 வாட் என்றால் 40 ஓம் அளவு வர வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் ஹீட்டர் போய்விட்டது. பாய்லர் உடலுக்கும் முனைக்கும் இடையே ஏதேனும் ஓம் காட்டினால் கசிவு இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்பதற்காக எர்த் வயரை வெட்டி, இரண்டு முனை பிளக் மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன்பின் எஞ்சும் கசிவு, ஈரக்கையோடு தொடுபவரின் உடல் வழியே பாயும். நெடுநாள் சும்மா கிடந்த ஹீட்டரின் உள்ளிருக்கும் மின்காப்புத் தூள் ஈரம் குடித்திருக்கலாம். பழுதுபார்ப்பவர் உலர்த்தி, மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்து பார்த்தால் அது பல நேரம் பிழைத்துக்கொள்ளும்.

பழைய இயந்திரம் வாங்குவதில் தவறே இல்லை; நன்றாகக் கட்டப்பட்டது பல ஆண்டுகள் உழைக்கும். வாங்குமுன், குளிர்ந்த நிலையிலிருந்து உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே யாரேனும் பழுதுபார்த்தது என்றால், மூடியைத் திறந்து காட்டவும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு இயந்திரத்தில் அந்தக் கம்பி இப்போது இருந்தால், நாளைக் காலைக் காபிக்கு அதைப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சரியான தெர்மல் ஃபியூஸின் விலை அரைக் கிலோ காபித்தூளின் விலையைத் தாண்டாது.