மீயியற்பியலா, மெய்ப்பொருளியலா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: “மேசைக்கும் அதன் நிறத்துக்கும் உள்ள உறவு ஒரு மீயியற்பியல் சிக்கல்.” நிறத்தை ஆராய இயற்பியலே இருக்கிறதே, அதற்கும் மேலே இன்னொரு இயற்பியலா என்று படிக்கிறவர் திகைக்க மாட்டாரா? ஒரு பொருள் அடிப்படையில் என்ன, ‘உள்ளது’ என்றால் என்ன என்று கேட்கும் மெய்யியல் (தத்துவ) கிளைதான் மெட்டாபிசிக்ஸ். அதற்கு இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கிரேக்கத்தில் ‘மெட்டா’ என்றால் பின், அடுத்து. அரிஸ்டாட்டில் இந்தப் பெயரை எழுதியதே இல்லை. அவர் சொன்னது ‘முதல் மெய்யியல்’. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ் அவருடைய ஏடுகளை வரிசைப்படுத்தியபோது, இயற்கை பற்றிய நூலுக்கு அடுத்து வைத்த 14 பகுதிகள் ‘இயற்கை நூலுக்குப் பின் வருபவை’ ஆயின என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ‘அப்பால்’ என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, ‘மீ’க்கு வருவோம். மீச்சிறு பொது மடங்கு படித்த எவர் காதிலும் அது ‘மிக’ என்றுதான் விழும். அப்படியானால் மீயியற்பியல் உயர்தர இயற்பியல் ஆகிவிடுகிறது. ஒரு நூலகத்தில் அந்தப் பெயர் தாங்கிய புத்தகம் குவாண்டம் நூல்களுக்கு நடுவே நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அடுக்கியவரைக் குறை சொல்ல முடியாது, பெயர் அப்படித்தான் சொல்கிறது. ‘மீமெய்யியல்’ இன்னும் மோசம். மெய்யியலின் ஒரு கிளையைத் தூக்கி மெய்யியலுக்கு மேலே வைக்கிறது. இலங்கையில் வழங்கும் ‘பௌதிகவதீதம்’ மீதும் எனக்கு இதே குறைதான். வடசொல் என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. பௌதிகத்தைக் கடந்தது என்றதும் பேய், முற்பிறவி, பில்லிசூனியம் என்று மனம் ஓடிவிடுகிறது. கண்ணெதிரே கிடக்கும் மேசை என்ன ஆயிற்று?

நம் மொழிபெயர்ப்பாளர்கள் முன்னொட்டைப் பார்த்த மாத்திரத்தில் அகராதியைப் புரட்டுகிறார்கள், அந்தத் துறை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. புழு பட்டாம்பூச்சியாகும் ‘மெட்டாமார்ஃபசிஸ்’ஸிலும் அதே மெட்டாதான். அதை ‘மீயுருவம்’ என்றா எழுதினோம்? உருமாற்றம் என்றோம், ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

எனக்குச் சரியாகப் படுவது மெய்ப்பொருளியல். மெய்ப்பொருள் என்றால் கடவுள் ஆயிற்றே என்று அந்த மொழிபெயர்ப்பாளரே மறுத்தார். ‘மெய்யுணர்தல்’ அதிகாரத்தில் வள்ளுவர் “எப்பொருள் எத்தன்மைத் தாயினும்” (குறள் 355) என்றுதானே சொல்கிறார்! எந்தப் பொருளாக இருந்தாலும் சரி; அது எப்படித் தோன்றினாலும் அதன் மெய்ப்பொருளைக் காண வேண்டும்.

பரிமேலழகர் இங்கே காட்டும் எடுத்துக்காட்டைப் பாருங்கள். யானைக்கண் சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன். அரசன் என்பது சாதி, சேரமான் என்பது குடி, யானையின் நோக்கு என்பது வடிவு, சேய் என்பது இயற்பெயர். இவை எல்லாம் ஒரு பொருளின்மேல் ஏற்றிய கற்பனை, இவற்றை நீக்கி உள்ளே நிற்பது எது என்று தேடு என்கிறார். மேசையையும் நிறத்தையும் வைத்து அந்த வரி கேட்பதும் இதையேதான். அரிஸ்டாட்டிலின் 14 பகுதிகளில் திரும்பத் திரும்ப வருவது, ஒன்று ‘உள்ளது’ என்றால் என்ன என்ற கேள்வி.

மெய்ப்பில் ‘மீயியற்பியல்’ வந்த இடமெல்லாம் அடித்து, மேலே ‘மெய்ப்பொருளியல்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.