மூலை சும்மாதானே கிடக்கிறது?

வயலிலிருந்து வடியும் உரச்சத்தை ஓடைக்குப் போகுமுன் பிடிக்க வெட்டும் ஈரநிலத்துக்கு இன்னொரு வரைபடம் மேசைக்கு வந்திருக்கிறது. வயலின் தாழ்ந்த மூலையில் நீல நிறத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் "பயிர் வராத இடம், ஈரநிலத்துக்கு உகந்தது" என்று குறிப்பு. நிலத்துக்காரரிடம் பேசியாயிற்றா என்று கேட்டால், "வடிவமைப்பு முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்கிறார்கள். இந்தக் கோப்பு எங்கே போய் நிற்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம்.

முதலில் அந்த மூலைக் கதையை முடித்துவிடுவோம். எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் இடம்தான் ஈரநிலத்துக்கு ஏற்றது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. பறவைகளுக்காகச் செய்கிறீர்கள் என்றால் சரி, அந்தக் கணக்கே வேறு. வயலிலிருந்து வடியும் உரச்சத்தைப் பிடிப்பதற்கு என்றால், அந்த வடிநீர் ஈரநிலத்துக்குள் வந்தாக வேண்டும். மூலை ஈரமாக இருப்பதற்கு ஆயிரம் காரணம்: மழைநீர் தேங்கும், அடியில் களிமண் இறுகியிருக்கும், ஊற்றுக் கசியும். மேட்டு வயல்களின் உரத்திலிருந்து கரைந்த நைட்ரேட்டோ மண்ணுக்கடியில் புதைத்த வடிகால் குழாய் வழியாக, மூலையைத் தொடாமலே ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அப்படிக் கட்டி முடித்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தோண்டி, கரை போட்டு, கோரையும் நட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஓடைக்கரையில் குழாயின் வாய் கொட்டிக்கொண்டிருந்தது. அது விழும் இடத்தில் பாசி திரளாக மிதந்தது. ஈரநிலத்துக்குள் வெறும் மழைநீர். தவளைகளுக்குக் கொண்டாட்டம், ஓடைக்கு ஒரு பயனும் இல்லை.

பழைய குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்பது பெரும்பாலும் எந்த வரைபடத்திலும் இருக்காது. நிலத்துக்காரருக்குத்தான் தெரியும், பல நேரம் அவருடைய அப்பாவுக்கு. எந்த இடத்தில் டிராக்டர் புதையும், பெருமழைக்குப் பின் எது கடைசியாகக் காயும், எந்தக் குழாய் அடிக்கடி அடைக்கும் என்று கேளுங்கள். வரைபடத்தைச் சுருட்டி வண்டியிலேயே வைத்துவிட்டு அவரோடு நடங்கள். முடிந்த வடிவமைப்பைக் கொண்டுபோய் நீட்டினால், கையெழுத்து வாங்க வந்தவராகத்தான் உங்களைப் பார்ப்பார்.

போகும்போது மண் துளைப்பானை எடுத்துப் போங்கள். சாம்பல் நிற மண்ணில் துருப் புள்ளிகள் வந்தால் அங்கே நீர் நின்று பழகியிருக்கிறது. மணல் அடுக்கு வந்தால் நீர் தங்காது, வேறு இடம் பாருங்கள். பல ஆண்டு உரம் கொட்டிய மண்ணாக இருந்தால் பாஸ்பரசையும் சோதியுங்கள். அத்தகைய மண்ணில் நீர் நிறுத்தினால், இரும்போடு ஒட்டிக்கிடந்த பாஸ்பரஸ் கரைந்து வெளியே வரக்கூடும். நைட்ரேட்டைப் பிடிக்கப் போய் இதை ஓடைக்குள் விட்ட கதை நமக்கு வேண்டாம்.

"எவ்வளவு நிலம் போகும்?" என்பதுதான் அவர் முதலில் கேட்பது. மழுப்பாதீர்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதற்கென்றே நடக்கும் திட்டத்தில், நீர் வந்து சேரும் பரப்பில் 0.5 முதல் 2 சதவீதம் வரை ஈரநிலமாக வேண்டும் என்பது விதி. 1000 ஏக்கரின் வடிநீருக்கு 5 முதல் 20 ஏக்கர். கரையும் சுற்றியுள்ள புல்வெளியும் தனி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு தெரியவந்தால் அடுத்த நிலத்துக்காரரும் கதவைத் திறக்க மாட்டார்.

கொசு வருமா என்று கேட்டால் வராது என்று சத்தியம் செய்யாதீர்கள். நீர் ஓடிக்கொண்டிருந்து, மீனும் தும்பியும் இருந்தால் குறையும். அசைவற்ற ஆழமில்லாத ஓரத்தில் களை மண்டினால் பெருகும். வண்டலை யார் அள்ளுவது, வெளிவாயில் குப்பை அடைத்தால் யார் இறங்கிச் சுத்தம் செய்வது, உடைந்த கரைக்கு யார் பணம் தருவது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீர் முழுதாக நிரம்பினால் எந்த மட்டம்வரை ஏறும் என்று அளந்து, முளைக்குச்சி அடித்து, நாடா கட்டிக் காட்டுங்கள். அந்த நாடாவைப் பார்க்க மேட்டு நிலத்துக்காரரையும் அழையுங்கள். நீர்மட்டம் உயர்ந்து அவருடைய வடிகால் குழாய் மூழ்கினால், விதைத்த வயலில் நீர் நிற்கப் போவது அவருக்குத்தான். அவருடைய குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து முடிக்கும்வரை மண்வாரி எந்திரத்தை வரவழைக்காதீர்கள்.