மீன் மருந்துக்குப் பதில் பாசி மருந்தா?

ஆந்திரத்தின் நகரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜூனில் மிருகசிர கார்த்தி வந்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆஸ்துமாவுக்கு மீன் மருந்து விழுங்க ஹைதராபாத்துக்கு ரயில் ஏறுகிறார்கள். இப்போது கடற்பாசி என்கிறார்கள். இதுவும் அந்த ரகம்தானா?"

உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து அப்படியே விழுங்கவைக்கும் அந்த ரகம் இல்லை. ஆனால் மருந்துக்கடைக்கு வந்துவிட்ட சமாச்சாரமும் இல்லை.

ஒவ்வாமையால் ஆஸ்துமா எப்படி வருகிறது என்பதில் முதல் பாதி தெரிந்த கதைதான். தலையணையில் வாழும் தூசிப்பூச்சியின் கழிவு மூச்சோடு உள்ளே போகிறது. உடல் அதை எதிரியாக எண்ணி, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. (உங்கள் ஊர் விசைத்தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சிறுக்கம் வேறு நோய், அதை இதில் சேர்க்க வேண்டாம்.)

இனிமேல்தான் சுவை. மூச்சுக்குழாய்ச் சுவரில் மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைக் காவலர்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் ஐஜிஇ வந்து உட்காருவதற்கென்றே ஏற்பிகள் உண்டு. இரத்தத்தில் இரண்டொரு நாளில் அழிந்துபோகும் ஐஜிஇ, இந்த ஏற்பியில் அமர்ந்துவிட்டால் வாரக்கணக்கில் எழுந்திருக்காது. அமர்ந்ததால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. தூசிப்பூச்சியின் ஒரே புரதத் துகள் பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் சில நிமிடங்களில் செல் ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமை இரசாயனத்தைக் கொட்டுகிறது, லூக்கோட்ரையீன்கள் என்ற வேறு சில இரசாயனங்கள் பின்தொடர்கின்றன, குழாய்த் தசை இறுகுகிறது, சளி பெருகுகிறது, இளைப்பு தொடங்குகிறது. ஐஜிஇ உட்காரவே இடம் கிடைக்காவிட்டால்? தூசி வரும், போகும், மாஸ்ட் செல் சும்மா இருக்கும்.

கொரிய, ஜப்பானியக் கடல்களில் வளரும் எக்லோனியா காவா என்ற பழுப்புப் பாசி, தன்னை மேய வரும் பிராணிகளை விரட்ட ஃப்ளோரோடானின் என்ற துவர்ப்புப் பொருள்களைச் சேர்த்து வைக்கிறது. அவற்றில் டைஎக்கால் உள்ளிட்ட சில, ஐஜிஇ ஏற்பியில் அமர்வதைத் தடுக்கின்றன என்று 2008இல் கொரிய ஆய்வாளர்கள் ஆய்வகச் செல்களில் காட்டினார்கள். பூட்டின் துவாரத்தில் மெழுகை அடைத்த மாதிரி. இந்த யோசனை பலிக்கும் என்பதற்குச் சாட்சி ஏற்கனவே இருக்கிறது: 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓமலிசுமாப் என்ற ஆஸ்துமா ஊசி, இரத்தத்தில் திரியும் ஐஜிஇயை வழியிலேயே பிடித்து இதே கட்டத்தைத்தான் முறிக்கிறது. அதன் விலைதான் நம்மவர்களுக்கு எட்டாது.

பாசிச் சாறு கொடுத்த எலிகளிலும் நுரையீரல் அழற்சி குறைந்திருக்கிறது. மனிதருக்கு வருவதில் ஒரு முட்டுக்கட்டை: இந்த மூலக்கூறுகளில் பல பெரியவை, குடல் அவற்றைச் சரியாக உறிஞ்சுவதில்லை. வாயால் விழுங்கியது மூச்சுக்குழாய் வரை போய்ச் சேர வேண்டுமே.

மன்னார் வளைகுடாவில் நம் மக்கள் அள்ளும் கட்டக்கோரையும் பழுப்புப் பாசிதான். கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மூட்டுவலிக்கும் சர்க்கரை நோய்க்கும் பாசிக் குளிகைகளை வெளியிட்டிருக்கிறது. ஆக, பாசியிலிருந்து பொருளைப் பிரிக்கும் கைத்திறன் இங்கேயே இருக்கிறது. இல்லாதது, ஆஸ்துமா நோயாளிகளிடம் பல ஆண்டுகள் சோதிக்கப் போதிய பணம். செய்முறையைக் குடும்ப ரகசியமாக வைத்திருக்கும் மீன் மருந்துக்கு விரால் குஞ்சுகளை வழங்குவது அரசின் மீன்வளத் துறை என்பதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நகரி நண்பரே, அதற்குள் பாசிப் பொடி வாங்கித் தின்னத் தொடங்காதீர்கள். அதில் அயோடின் மிகுதி, தைராய்டைக் கெடுக்கும். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். தலையணை உறையை வாராவாரம் வெந்நீரில் துவையுங்கள்.