கள்ள டாலர் கையில் வந்தால் நஷ்டம் யார் தலையில்?

அமெரிக்காவில் மளிகைக் கடையிலோ கேஸ் ஸ்டேஷனிலோ கல்லாவில் நிற்கும் நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கள்ள நோட்டை ஒப்படைத்தால் அரசு ஒரு சென்ட்கூடத் தராது. வங்கியும் தராது. நோட்டும் போச்சு, பணமும் போச்சு.

பழைய கதை சுருக்கமாக: 1863-க்கு முன்பு அங்கே மாநில வங்கிகள் ஆளாளுக்கு நோட்டு அடித்தன. எது நல்லது, எது கள்ளம் என்று பார்க்கவே வியாபாரிகள் தனியாகப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார்கள். உள்நாட்டுப் போரின்போது அரசே நோட்டு வெளியிட்டது, கள்ள நோட்டுக்காரர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. 1865-ல் சீக்ரெட் சர்வீஸ் என்ற மத்திய அரசு அமைப்பு தொடங்கியது கள்ள நோட்டைப் பிடிக்கத்தான். அதிபருக்குக் காவல் நிற்பது பின்னால் வந்த வேலை. நஷ்டம் மட்டும் அன்றும் இன்றும் கடைசியாகக் கையில் வைத்திருப்பவருக்கே.

இதனால்தான் பலர், 'நமக்கு வந்த மாதிரியே இன்னொருவரிடம் தள்ளிவிடலாம்' என்று நினைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். தெரியாமல் வாங்கியது குற்றமில்லை. தெரிந்த பிறகு ஏமாற்றி மாற்றினால் 20 வருடம் வரை சிறை. வங்கியில் போடும் நோட்டுக் கட்டின் நடுவே செருகி அனுப்புவதும் இதில்தான் சேரும்.

அடுத்தது சம்பளப் பிடித்தம். கல்லாவில் 100 டாலர் கள்ள நோட்டு வந்தால், நிற்கும் பையன் சம்பளத்தில் பேசாமல் கழித்துவிடுகிற முதலாளிகள் உண்டு. மத்தியச் சட்டப்படி, கல்லா குறைந்ததற்காகக் கழிக்கும்போது கூலி மணிக்கு 7.25 டாலருக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓவர்டைம் பணத்திலும் கை வைக்கக் கூடாது. அதாவது, 7.25 மட்டுமே வாங்குபவரிடம் ஒன்றுமே பிடிக்க முடியாது. சில மாநிலங்களில் சட்டம் இன்னும் கடுமை. தொழிலாளர் துறையின் 1-866-487-9243 எண்ணில் புகார் சொல்லலாம். சொன்னவர் பெயரை வெளியே விடமாட்டார்கள். 'கடை விதி' என்று முதலாளி சொன்னதை நம்பி எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்!

கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடையில் கொடுக்கும் பேனாவையும் நம்பாதீர்கள். அது பார்ப்பது, சாதாரணக் காகிதத்தில் இருக்கும் ஸ்டார்ச் (மாவுப்பொருள்) நோட்டில் இருக்கிறதா என்பதை மட்டும். நிஜமான 5 டாலர் நோட்டை வெளுத்து அதன்மேல் 100 என்று அச்சடித்தால் பேனா பேசாமல் விட்டுவிடும். வெளிச்சத்தில் பிடியுங்கள். 1996 முதல் வந்த புதிய வடிவ நூறில், அதில் அச்சாகியிருக்கும் பிராங்க்ளின் முகம் நிழலாகவும் தெரிய வேண்டும். 5 டாலர் நோட்டுக்குரிய லிங்கன் முகமோ பெரிய 5 என்ற எண்ணோ தெரிந்தால் அது வெளுத்த நோட்டு.

சந்தேகம் வந்தால் கொடுத்தவரிடம் திருப்பித் தராதீர்கள், சண்டையும் போடாதீர்கள். ஆள் அடையாளம், வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டின் வெள்ளை ஓரத்தில் தேதியும் உங்கள் இனிஷியலும் எழுதி, கவரில் போட்டு, உள்ளூர் போலீசுக்குச் சொல்லுங்கள். 'வங்கிக்குப் போ' என்று போலீஸ் சொல்லலாம். 'இங்கே கணக்கு இருக்கிறதா?' என்று வங்கி கேட்கலாம். யார் எங்கே துரத்தினாலும், வாங்குபவரின் பெயரும் பதவியும் தெரியாமல் நோட்டைக் கொடுக்காதீர்கள். போலீஸ் என்றால் வழக்கு எண், வங்கி என்றால் நோட்டின் வரிசை எண் போட்ட ரசீது கேளுங்கள். பரிசோதனையில் அது நல்ல நோட்டு என்று வந்துவிட்டால் பணத்தைக் கேட்டு வாங்க அந்தக் காகிதம்தான் வேண்டும்.