எஞ்சினுக்காகக் காத்திருந்தே நின்றுபோன சீனப் போர் விமானங்கள்

சீனாவில் 'மாபெரும் பாய்ச்சல்' காலம், அதாவது தொழிலில் ஒரே தாவாக முன்னேற மாவோ நடத்திய இயக்கத்தின் காலம். 1958-இல் ஹார்பின் ராணுவப் பொறியியல் கல்லூரியில் ஒரு போர் விமானத்தை வரையத் தொடங்கினார்கள். பெயர் டோங்ஃபெங்-113. ஒலியைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் பறக்க வேண்டும், 25 கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். அந்த நாட்டுத் தொழிற்சாலைகள் அப்போது சோவியத் மிக் விமானங்களின் நகல்களைத்தான் செய்துகொண்டிருந்தன. அவற்றில் வேகமான மிக்-19, ஒலி வேகத்தை ஒன்றரை மடங்குகூடத் தாண்டாது.

உயரத்தின் மேல் அத்தனை மோகம் வந்ததற்குக் காரணம் இருந்தது. தைவானிலிருந்து வந்த உளவு விமானங்கள் சீனப் போர் விமானங்களுக்கு எட்டாத உயரத்தில் பறந்து படம் எடுத்துப் போயின. கடைசியில் அவற்றை எட்டியது ஏவுகணைதான். 1959 அக்டோபரில் பெய்ஜிங் அருகே ஒரு ஆர்பி-57டி உளவு விமானத்தை சோவியத் எஸ்-75 ஏவுகணை வீழ்த்தியது.

113-க்கு முதல் எதிரி வெப்பம். வேகமாகப் பாயும் விமானத்தின் மூக்கில் மோதும் காற்று அங்கேயே அமுங்கி நின்று சூடாகிறது. இந்தச் சூடு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். உயரத்தில் காற்று சுமார் மைனஸ் 56 டிகிரியில் உறைந்து கிடந்தாலும், ஒலியின் இருமடங்கு வேகத்தில் மூக்கு நுனி 117 டிகிரியைத் தொடும். இரண்டரை மடங்கில் 214 டிகிரி! விமானம் கட்டும் வழக்கமான அலுமினியக் கலவைகள் 150 டிகிரியை நெருங்கும்போதே வலுவிழக்கத் தொடங்கும். கான்கார்டு பயணிகள் விமானம் இருமடங்கு வேகத்தோடு நின்றுகொண்டதும் இதனால்தான். அதற்கு மேல் போனவர்கள் எஃகுக்கோ டைட்டானியத்துக்கோ மாறினார்கள். மிக்-25 பெரும்பாலும் எஃகு, அமெரிக்க எஸ்ஆர்-71 டைட்டானியம். ஒரு தசம எண்ணைக் கூட்டி எழுதுவது சுலபம். அதற்காக உலோகம், பற்றவைப்பு, கண்ணாடி, ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சோவியத் நிபுணர்கள் 1960-இல் நாடு திரும்பியதும் இருந்த உதவியும் போயிற்று. 113 நின்றது.

1964-இல் கேள்வி மறுபடி வந்தது. கையில் மிக்-21 விமானத்தைக் கட்டும் உரிமமும் அதன் எஞ்சினும் இருந்தன. அடுத்த விமானத்துக்குப் புதிதாக ஒரு பெரிய எஞ்சின் செய்வதா, இருக்கும் எஞ்சினில் இரண்டைப் பொருத்துவதா? ஷென்யாங் நகரின் விமான வடிவமைப்பு நிலையத்தில் வடிவமைப்பாளர் ஹுவாங் ஜிச்சியான் இரண்டாவது வழியைச் சொன்னார். 1965-இல் கெய்ரோ அருகே நடந்த பயணிகள் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் அவர் சொன்ன வழியில் உருவான ஜே-8, 1969 ஜூலை 5 அன்று பறந்தது.

பழைய எஞ்சினிலிருந்து கூடுதல் விசை எடுப்பதும் சும்மா நடக்கவில்லை. எரிந்த வாயு சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குள் நுழையும் வாயு எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு விசை கிடைக்கும். ஆனால் அந்தச் சூட்டில், அசுர வேகத்தில் சுழலும் டர்பைன் இதழ்கள் மெல்ல நீண்டு கெட்டுவிடும். அதனால் இதழுக்குள்ளே துளைகள் விட்டு, காற்றை அமுக்கும் கம்ப்ரசரிலிருந்து எடுத்த காற்றை அவற்றின் வழியே ஓட்டிக் குளிர்விப்பார்கள். உலோகவியலாளர் ஷி சாங்சூவின் குழு இதழுக்கு ஒன்பது துளைகள் கொண்ட வார்ப்பை உருவாக்கியது. ஜே-8 பறந்த கதையில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்தக் குட்டி இதழ்தான்.

புதிய பெரிய எஞ்சின் என்ற மற்ற வழியில் போனது ஜே-9. அதற்கென்று டபிள்யூஎஸ்-6 என்ற டர்போஃபேன் (முன்னால் பெரிய விசிறி கொண்ட ஜெட்) எஞ்சினைத் தொடங்கினார்கள். வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரிக்கும் ஆஃப்டர்பர்னரோடு சுமார் 12 டன் உந்துவிசை என்று திட்டம். எஞ்சின் தாமதமானால் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். அது லாரியில் நடக்கும், போர் விமானத்தில் நடக்காது. காற்று உள்ளே போகும் வாயின் அளவு, உடலின் பருமன், எடை மையம், எரிபொருள் அளவு எல்லாமே அந்த ஒரு எஞ்சினைச் சுற்றிக் கணக்கிட்டவை. எஞ்சின் மாறினால் விமானமே மாறும்.

எஞ்சின் வரவில்லை, விமானப்படையின் எதிர்பார்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. காகிதத்தில் ஜே-9 வடிவம் வடிவமாக மாறியது. 1970-இல் வேலை செங்டு நகருக்குப் போனது. அங்கே முக்கோண இறக்கைக்கு முன்னால் ஒரு சிறு இறக்கை சேர்ந்தது. வாலில்லாத முக்கோண இறக்கை விமானம் தரையிறங்க மூக்கைத் தூக்கினால், இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள் மேலே மடங்கும். அதாவது தூக்குவிசை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது குறையும். முன் இறக்கையோ மூக்கை மேல்நோக்கியே தூக்கும். அதிலிருந்து கிளம்பும் சுழல்காற்று பெரிய இறக்கையின் மேல் ஓடி, செங்குத்தான கோணத்திலும் காற்றோட்டம் பிரியாமல் காக்கும்.

இத்தனை வேலைக்குப் பிறகும் ஒரு ஜே-9 கூடப் பறக்கவில்லை. 1980-இல் திட்டத்தை மூடினார்கள். அப்புறம் டபிள்யூஎஸ்-6 எஞ்சினும் கைவிடப்பட்டது. ஷென்யாங்கின் ஜே-13 இலகுரக விமானமும் எஞ்சின் சிக்கலில் மாட்டி அதே வழியில் போனது.

நான்சாங் நகரில் உருவான ஜே-12 மட்டும் வேறு ரகம். நேர் எதிர்த்திசையில் யோசித்தார்கள்: மிகச் சிறிய உடல், குட்டையான ஓடுபாதையே போதும், எரிபொருளும் ஆயுதமும் ஏற்றாத எடை மூன்று டன் சொச்சம். 1970 டிசம்பர் 26 அன்று பறக்கவும் செய்தது. ஆனால் அவ்வளவு சின்ன உடம்பில் நல்ல ரேடாரும் வைக்க முடியாது, எரிபொருளும் ஆயுதமும் போதுமான அளவு ஏற்ற முடியாது. அதுவும் நின்றது.

செங்டுவில் ஜே-9-க்கு உழைத்தவர்களில் ஒருவரான சோங் வென்சோங், பின்னர் ஜே-10-இன் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். முக்கோண இறக்கை, முன்னால் சிறு இறக்கை, ஒற்றை எஞ்சின் என்று அதே அமைப்பு. கூடவே கணினிவழிக் கட்டுப்பாடு. 1998 மார்ச் 23 அன்று அது முதன்முதலாகப் பறந்தபோது உள்ளே இருந்தது ரஷ்யாவின் ஏஎல்-31 எஞ்சின். அதன் உந்துவிசையும் 12 டன்னை ஒட்டியதுதான்.