நோட்டீஸின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன வரி

பெங்களூரில் பிஆர் (மக்கள் தொடர்பு) வேலையில் பல வருடமாக இருக்கிறேன். தேர்தல் வந்தால் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கத்துத் தமிழ் வாக்காளர்களுக்கான வாசகங்கள் என்னிடம்தான் வரும்.

2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஒரு வேட்பாளருக்காக அல்சூரில் வீடு வீடாகப் பேசிப் பார்த்தோம். ஒரு அக்கா சொன்னார்: "மழை வந்தா சாக்கடைத் தண்ணி வாசல் ஏறுது தம்பி. கார்ப்பரேட்டரே இல்ல, யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அதற்கு முன் கடைசியாக ஓட்டுப் போட்டது 2015இல். அந்தச் சமயத்தில் எந்த வார்டிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். வேட்பாளரின் பிரசாரக் குழுக் கூட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சாக்கடையைப் பற்றி எழுதினால் யாரும் ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள், கோபம் வருகிற மாதிரி வேண்டும் என்றார்கள். "உங்கள் பணத்தை அவர்கள் தின்கிறார்கள், உங்களுக்காக நிற்பவர் இவர் ஒருவர்தான்" என்று கடைசியில் எழுதியது நானேதான். அது இன்னும் உறுத்துகிறது.

ஜனரஞ்சக அரசியலுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். மக்கள் ஒரு பக்கம், 'அவர்கள்' மறுபக்கம், நடுவில் ஒரு முகம். அப்புறம் கேள்வி கேட்கிற நிருபர், தடை போடுகிற நீதிமன்றம், கணக்குக் கேட்கிற எதிர்க்கட்சி எல்லாரும் 'அவர்கள்' ஆகிவிடுவார்கள். அக்காவின் வாசலுக்குத் தேவைப்பட்டதோ ஒரு வார்டு உறுப்பினர், ஓர் இன்ஜினீயர், கொஞ்சம் நிதி.

இதைவிட எனக்குக் கவலை தருவது, பேசுவது யார் என்பதையே மறைப்பது. 'ஒரு சாதாரணக் குடிமகனின் குமுறல்' என்று வரும் வாய்ஸ் நோட்டை அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். பழைய வித்தைதான். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் சிகரெட் பற்ற வைத்தது விடுதலைக் குரலாகச் செய்தியில் வந்தது. ஏற்பாடு செய்தவர் பிஆர் தொழிலின் முன்னோடி எட்வர்ட் பெர்னேஸ், சம்பளம் கொடுத்தது சிகரெட் கம்பெனி.

காகிதத்துக்கு நம்மிடம் சட்டம் இருக்கிறது. தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைக்குக் கை போகிற வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அப்படி ஒரு வரியைத் தேடினாலும் கிடைக்காது. பணத்திலும் ஓட்டை உண்டு. கர்நாடகத்தில் சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம். கட்சியின் பொதுப் பரப்புரைக்கோ வரம்பே கிடையாது.

குடும்பக் குழுவில் ஏதாவது வந்து ரத்தம் கொதித்தால், அனுப்புமுன் ஒரு நிமிடம் பாருங்கள். எந்தத் தெரு, எந்த வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதி? இதில் ஒன்றுகூட இல்லையென்றால், அனுப்பிய சித்தப்பாவிடமே கேளுங்கள்: "இதை எழுதினது யாரு, காசு கொடுத்தது யாரு?"