மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்றால் என்ன?

தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது ராகு காலம், எமகண்டம் பார்க்கிறோம், சூலம் எந்தத் திசை என்றுகூடப் பார்க்கிறோம். அதே தாளில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று மூன்றில் ஒன்று போட்டிருக்கும், சிலவற்றில் வெறும் அம்புக்குறிதான். கீழ்நோக்கு என்றதும் ஆகாத நாள், தொட்டதெல்லாம் இறங்குமுகம் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. செய்யப்போகும் வேலை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கணக்கு. கிணறு வெட்ட, போர்வெல் போட, மஞ்சளும் கிழங்கும் நட கீழ்நோக்கு நாளைத்தான் தேடுவார்கள். சுவர் எழுப்ப, கம்பம் நட மேல்நோக்கு. ஏர் பூட்ட, வண்டி வாங்க சமநோக்கு.

சமஸ்கிருத சோதிடத்தில் மேல்நோக்கு ஊர்த்துவமுகம், கீழ்நோக்கு அதோமுகம், சமநோக்கு திரியங்முகம். முகம் கிழமைக்கு இல்லை, நட்சத்திரத்துக்கு; 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாகப் பங்கிட்டு, சந்திரன் அன்றைக்கு எதில் நிற்கிறதோ அதன் முகத்தையே நாளுக்கும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வரிசையாகச் சுழலாது: ஆயில்யம், மகம், பூரம் மூன்றும் தொடர்ந்து கீழ்நோக்கு, உத்திராடத்திலிருந்து சதயம் வரை நான்கும் மேல்நோக்கு.

ஊர்த்துவம் நமக்குப் பழகிய சொல்தான், திருவாலங்காட்டில் சிவன் காலை உயரத் தூக்கி ஆடியது ஊர்த்துவ தாண்டவம். அதோமுகமும் அப்படியே, முருகன் பிறப்புக் கதையில் சிவனின் ஐந்து முகங்களோடு ஆறாவதாக வருவது கீழ்நோக்கிய அதோமுகம், யோகா வகுப்பில் குனிந்து நிற்கச் சொல்லும் அதோமுக சுவானாசனத்திலும் அதே சொல்தான்.

மேல்நோக்கும் கீழ்நோக்கும் நல்ல தமிழ், அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சமநோக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. திரியங்முகத்தில் வரும் திரியக் என்றால் குறுக்காக, பக்கவாட்டில் என்று பொருள். அதில் ‘சமம்’ எங்கிருந்து வந்தது, போதாததற்கு ‘சம’ என்பதே வடசொல்லாயிற்றே! பள்ளிக் கணக்கில் கிடைக்கோடு என்று படித்தோமே, அந்தக் ‘கிடை’யை எடுத்துக் கிடைநோக்கு நாள் என்றால் பொருளும் சரியாக வரும், சொல்லும் தமிழாக இருக்கும். பக்கநோக்கு என்றாலும் தப்பில்லை, ஆனால் எனக்குக் கிடைநோக்குதான் பிடித்திருக்கிறது.